தோன்றா எழுவாய்

"சுக்கைத் தட்டி, நான்கு மிளகு சேர்த்து, இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு தம்ளராக வற்றவைத்து, வடிகட்டி, பனங்கற்கண்டு கலந்து வெதுவெதுப்பாகக் கொடுக்கவும்."

ஐப்பசி மழை தொடங்கினால் பெண்கள் இதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் இப்படியொரு குறிப்பு வந்துவிடும். சளிக்கு, இருமலுக்கு, காய்ச்சலுக்கு என்று இவற்றைச் சில ஆண்டுகளாகக் கத்தரித்துச் சேர்த்துவைத்திருந்தேன். ஒருநாள் முதுகலை வகுப்புக்கு எடுத்துப்போய், மேலே உள்ள வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, எழுவாயைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த மாணவி, "தோன்றா எழுவாய், அம்மா" என்றாள். தமிழ்த்துறையில் ஆசிரியையை 'அம்மா' என்று அழைப்பது வழக்கம். அவள் இலக்கண விடையைத்தான் சொன்னாள். ஆனால் வகுப்பு சிரித்துவிட்டது. சிரித்து முடித்தபோது, அவள் சொன்னது இரண்டு விதத்திலும் சரி என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது.

கைவைத்தியக் குறிப்பை ஒரு பிரதியாக வாசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது அந்த வகுப்பில்தான். அந்த ஒரு வாக்கியத்தில் ஆறு வினையெச்சங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேலை. 'வற்றவைத்து' என்ற ஒரே சொல்லுக்குள் அடுப்படியில் கால்மணி நேரம் நிற்கும் ஓர் உடல் இருக்கிறது. தூதுவளை என்றால் இலையிலுள்ள முள்ளையும் நீக்க வேண்டும். குறிப்பில் 'சுத்தம் செய்து' என்று இரண்டே சொற்களில் அது முடிந்துவிடும். செய்பவள் யாரென்று சொல்ல வேண்டியதே இல்லை. அது அவள்தான் என்று எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் முன்கூட்டியே தெரியும்.

எழுவாய் தோன்றாவிட்டாலும் நான்காம் வேற்றுமை தவறாமல் தோன்றுகிறது. குழந்தைகளுக்கு, பெரியவர்களுக்கு, மழையில் நனைந்துவரும் கணவருக்கு. 'உங்களுக்குச் சளி பிடித்தால்' என்று சுக்குத் தட்டுகிறவளைப் பார்த்துப் பேசும் ஒரு குறிப்பு நான் சேர்த்துவைத்தவற்றில் ஒன்றுகூட இல்லை. இந்த எழுத்தில் அவளால் கொடுக்கத்தான் முடியும், குடிக்க முடியாது. 2019ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அந்த 299 நிமிடங்களில் கஷாயம் கொதிக்கும் நேரமும் அடக்கம்.

இந்த அறிவுக்கு 'பாட்டி வைத்தியம்' என்று பெயர். சித்த மருத்துவ நூல்கள் அகத்தியர் பெயராலும் தேரையர் பெயராலும் வழங்குகின்றன. பாட்டிக்குப் பெயர் கிடையாது. சுக்கின் வெளித்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் உள்கொட்டையை நீக்க வேண்டும் என்ற நுட்பத்தைக் கைமாற்றிக் கொடுத்தவள் உறவுமுறையாக மட்டுமே மிஞ்சுகிறாள்.

பதினெண்கீழ்க்கணக்கில் மருந்தின் பெயர் தாங்கிய நூல்கள் மூன்று: திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். உடல்நோயை அந்த மூன்று மருந்தும் நீக்குவதுபோல், ஒவ்வொரு பாட்டிலும் சொல்லப்படும் மூன்று கருத்துகளும் மனநோயை நீக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். கணவனின் குறிப்பறிந்து நடப்பதே மனைவியின் இலக்கணம் என்பதும் அந்நூல் தரும் மருந்துகளில் ஒன்று. அவளது உரலில் இடிபட்ட பொருளையே தலைப்பாக எடுத்துக்கொண்டு அவளுக்கே அறம் போதித்த நூலை இத்தனை ஆண்டுகளாக நான் கேள்வியின்றி நடத்திவந்திருக்கிறேன்.

சளிக்குப் பாலில் கலக்கும் மஞ்சளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மஞ்சள் தூளைக் கொண்டு புண்ணை ஆற்றுவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடியதால் 1997இல் அது ரத்தானது. தேசத்தின் வெற்றி என்று கொண்டாடினோம். ஆனால் வழக்கில் செல்லுபடியானவை எழுத்துச் சான்றுகளே. வேறொரு நாட்டில் மக்கள் வழக்கமாகச் செய்துவருகிறார்கள் என்பது மட்டும் அன்றைய அமெரிக்கச் சட்டத்துக்குப் போதாது. அச்சில் வந்திருக்க வேண்டும். அடிபட்ட முழங்காலில் மஞ்சளைக் குழைத்துப் பூசிய கோடிக்கணக்கான கைகளுக்கு அங்கே சாட்சிக்கூண்டு இல்லை.

இவ்வளவையும் எழுதும் நானும் இந்த இலக்கணத்துக்குள்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில் அம்மாவுக்கு இருமல் வந்தது. வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் விடிவதற்குள் கஷாயத்தோடு நிற்பவர், தனக்கும் தானே தூதுவளை ரசம் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தெரியாத வைத்தியமா என்று எல்லோரும் இருந்துவிட்டோம். வேறு ஊரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான், "ஆடாதோடை போட்டுக் குடிம்மா" என்று தொலைபேசியில் சொன்னேன். எத்தனை நாளாக இருமுகிறது என்று கேட்கவில்லை. தையில் ஊருக்குப் போனபோது அவருடைய ரவிக்கை தோளில் தொங்கியது. மாலையானால் காய்ச்சல் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர்தான் அரசு மருத்துவமனைக்கு வற்புறுத்தி அழைத்துப்போனார். சளியைச் சோதித்தார்கள். காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று மருத்துவர் கேட்டதற்கு, "சளிதானேன்னு இருந்துட்டேன்" என்றாராம்.

அப்பா அப்படி இருமியிருந்தால் முதல் வாரமே மருத்துவமனைக்குப் போயிருப்போம். அம்மாதான் கூட்டிப்போயிருப்பார். கைவைத்தியம் மற்றவர்களுக்கு முதல் மருந்து. அதைச் செய்பவளுக்கோ அதுதான் கடைசி மருந்தும். அவளுடைய அறிவைப் புகழ்வது, அவளுக்காகப் பணமும் நேரமும் செலவழிக்காமல் இருக்க நமக்கு வசதியாகிவிடுகிறது.

கஷாயத்தை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும். அதுவரை சுக்கும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதம் தரும். வைரஸை அவை கொல்வதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதையும், ஆவி பிடிக்கும் பாத்திரம் கவிழ்ந்தால் உடல் வெந்துவிடும் என்பதையும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்பதையும் அந்தக் குறிப்புகள் சொல்லியிருக்கலாம். அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அன்றைய வகுப்பின் முடிவில், கரும்பலகை வாக்கியத்தை எழுவாயோடு திருப்பி எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் 'அம்மா' என்று எழுதினார்கள். சிலர் 'நான்' என்று எழுதினார்கள். 'யாருக்கு' என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். 'அம்மாவுக்கு' என்று எழுதியவர்கள் இரண்டு பேர். 'எனக்கு' என்று ஒருத்தியும் எழுதவில்லை.