ஒரு முட்டையின் இரு பாதிகள்: தூத்துக்குடி மக்ரூனும் இலங்கை லவ் கேக்கும்

முந்திரிப் பருப்பு, முட்டை, சீனி ஆகிய மூன்றையும் முதலாகக் கொண்டு சுடப்படும் இனிப்பு மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் உண்டு. இந்தியக் கரையில் அது தூத்துக்குடி மக்ரூன். இலங்கைக் கரையில் லவ் கேக். இரண்டிலும் மைதா மாவு இல்லை. இரண்டுக்கும் பருப்பே உடல். ஆனால் முட்டையை உடைத்த கணத்திலேயே இரண்டும் வழி பிரிந்துவிடுகின்றன. மக்ரூன் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. லவ் கேக் மஞ்சள் கருவை நம்பி நிற்கிறது. சூடு, நேரம், மணம், செய்யும் இடம், கெடாமல் இருக்கும் காலம் என்று இரண்டுக்கும் இடையே காணப்படும் மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

வந்த வழி

பருப்புப் பொடியையும் வெள்ளைக்கருவையும் சீனியையும் சேர்த்துச் சுடும் பண்டம் ஐரோப்பாவில் பழையது. அங்கே அந்தப் பருப்பு பாதாம். பிரான்சில் அது மெல்ல மெல்ல நுணுக்கமடைந்து, வழவழப்பான இரண்டு வட்ட ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைத்து ஒட்டும் இன்றைய மக்காரோனாக ஆனது. போர்ச்சுகலில் மஞ்சள் கருவைக் கொண்டு செய்யும் இனிப்புகள் தனி மரபாகவே வளர்ந்தன. கன்னியர் மடங்களில் துணிகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக்கரு பயன்பட்டதென்றும், மிஞ்சிய மஞ்சள் கருவே அந்த இனிப்புகளாயிற்று என்றும் அந்நாட்டில் சொல்லப்படுகிறது.

பாதாம் வளராத கடற்கரைக்கு இந்தக் கலை வந்தபோது அதன் இடத்தை முந்திரி பிடித்தது. முந்திரியும் இந்த மண்ணின் மரமல்ல. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. அவர்கள் அதை அழைத்த பெயர் இலங்கைத் தமிழில் இன்றும் ‘கஜு’ என்று வாழ்கிறது. ரொட்டிக்குப் ‘பாண்’, பிஸ்கட்டுக்கு ‘விசுக்கோத்து’, பேக்கரியின் பெரிய அடுப்புக்குப் ‘போறணை’ என்று யாழ்ப்பாணத்தில் வழங்கும் சொற்களும் அதே மொழியின் மிச்சங்களே.

இரு கரைகளின் வரலாறும் பெரிதும் ஒன்றாகவே நடந்தது. தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறையின் பரதவர் 1530களில் கத்தோலிக்கம் தழுவினர். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைக்குப் போனது. 1658ஆம் ஆண்டு ஒன்றிலேயே தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் டச்சுக்காரர் கைப்பற்றினர். பிறகு இரு கரைகளும் ஆங்கிலேயரிடம் சென்றன. லவ் கேக்கைப் போர்த்துக்கேயச் சமையலின் வழித்தோன்றலாகக் கொள்வது வழக்கம். அதைப் பேணி வளர்த்ததில் இலங்கையின் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சமூகத்துக்குப் பெரும் பங்குண்டு.

வெள்ளைக்கருவின் வேலை

ஒரு நடுத்தரக் கோழிமுட்டையில் வெள்ளைக்கரு ஏறத்தாழ 33 கிராம். மஞ்சள் கரு 18 கிராம் அளவில் இருக்கும். வெள்ளைக்கருவில் பெரும்பகுதி நீர், மீதி புரதம். அடிக்கும்போது புரதச் சுருள்கள் அவிழ்ந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகப் படிகின்றன. சீனி அந்தப் படலத்துக்குப் பிடிமானம் தருகிறது. கொழுப்பு பட்டால் நுரை எழும்பாது. மஞ்சள் கருவின் ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் உழைப்பு வீண். தூத்துக்குடி மக்ரூனில் மஞ்சள் கருவுக்கு இடமில்லாததன் காரணம் இதுதான்.

முந்திரியிலேயே ஏறத்தாழ 45 சதவீதம் கொழுப்பு இருப்பது இந்தப் பண்டத்தின் பெரிய சிக்கல். பருப்பை நீளநேரம் அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். விழுது நுரையைக் கொன்றுவிடும். எனவே ஈரமில்லாத பருப்பை விட்டு விட்டு அரைத்துச் சற்றுக் கொரகொரப்பான பொடியாக எடுக்க வேண்டும். வெள்ளைக்கருவை அடித்து, நுரை திரண்டதும் சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரை இறுகி, பளபளப்பு ஏறி, கரண்டியைத் தூக்கினால் கொக்கின் அலகுபோல் நுனி நிற்பதே பதம். அதற்குப் பிறகுதான் பொடியைத் தூவி, அடிக்காமல், அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்க வேண்டும்.

கூம்பாகச் சுருட்டிய தாளில் கலவையை நிரப்பித் தட்டில் பிழிவார்கள். கீழே அகன்று மேலே கூராக முடியும் அந்தச் சுருள் வடிவமே தூத்துக்குடி மக்ரூனின் அடையாளம். பிரெஞ்சு மக்காரோனில் பாதாம் மாவைச் சலித்து, நுரை சற்றுத் தளரும்வரை கலந்து, பிழிந்த வட்டங்களை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மேலே தோல் படிந்ததும் 150 டிகிரி சூட்டில் கால் மணி நேரத்துக்குள் சுட்டெடுப்பார்கள். அங்கே ஓடு வழுவழுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்க வேண்டும். தூத்துக்குடியில் நோக்கம் நேர் எதிர்: உள்ளிருக்கும் ஈரம் முழுவதும் போக வேண்டும். விறகடுப்பின் தணிந்த சூட்டில் பல மணி நேரம் கிடத்தி உலர்த்துவது பழைய முறை. வீட்டு ஓவனில் 100 முதல் 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து, பிறகு அடுப்பை அணைத்து அதற்குள்ளேயே ஆறவிட்டால் அந்தப் பதம் ஓரளவு கிட்டும். நல்ல மக்ரூனை உடைத்துப் பார்த்தால் உள்ளே தேனடைபோல் நுண்ணிய அறைகள் தெரியும். வாயில் போட்டதும் மொறுமொறுத்து, அடுத்த நொடியில் கரைந்து, முந்திரியின் நெய்மணம் மட்டும் நாக்கில் தங்கும்.

மஞ்சள் கருவின் வேலை

மஞ்சள் கருவில் கொழுப்பும், கொழுப்பையும் நீரையும் இணைத்துவைக்கும் லெசித்தினும் இருக்கின்றன. அதனால் லவ் கேக்கில் எழுச்சியைவிட ஈரமும் செறிவுமே எதிர்பார்க்கப்படுகின்றன. பொதுவான அளவு ஒன்று: 250 கிராம் ரவை, 200 முதல் 250 கிராம் வெண்ணெய், 500 கிராம் சீனி, 400 கிராம் அளவில் கஜு, 10 மஞ்சள் கரு, 4 வெள்ளைக்கரு. ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, வெண்ணெயைக் கலந்து, அது ஊறும்வரை வைக்கிறார்கள். மஞ்சள் கருவையும் சீனியையும் வெளிறிக் கெட்டிப்படும்வரை அடித்து அதனுடன் சேர்க்கிறார்கள். கஜுவைப் பொடியாக்குவதில்லை; பல்லில் அகப்படும்படி பொடிப்பொடியாக நறுக்குகிறார்கள். வெள்ளைக்கரு நுரை கடைசியில் சேர்கிறது.

மணப்பொருள்களில்தான் இலங்கை தன் கையொப்பத்தை இடுகிறது. கறுவா, ஏலக்காய், சாதிக்காய், சில வீடுகளில் கராம்பு. கூடவே பன்னீர், தேன், துருவிய தேசிக்காய் (எலுமிச்சை) தோல், வீட்டைப் பொறுத்துச் சிறிது பிராந்தி. இவற்றோடு புஹுல் தோசி சேரும். நீற்றுப்பூசணித் துண்டுகளைச் சீனிப்பாகில் காய்ச்சிப் பதப்படுத்தியதே அது. ‘புஹுல்’ சிங்களச் சொல். ‘தோசி’ இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. மேலைநாட்டுச் சமையலறைகள் இலையுதிர்காலச் சுவை என்று கொண்டாடும் கறுவா, சாதிக்காய், கராம்பு, பூசணிக் கூட்டணி, இலையுதிர்காலமே இல்லாத இலங்கையில் இப்படித் தலைமுறைகளாக ஒரே தட்டில் சேர்ந்திருக்கிறது. அதில் வியப்பில்லை: போர்த்துக்கேயரையும் டச்சுக்காரரையும் அந்தத் தீவிலேயே கட்டிப்போட்டது கறுவாதான்.

லவ் கேக்கை 150 டிகிரி அளவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுட வேண்டும். சீனியும் தேனும் மிகுந்த கலவை அடிபிடிக்கும் என்பதால், தட்டின் உட்புறம் பல மடிப்புத் தாளை விரித்து, அதன்மேல் வெண்ணெய் தடவிய தாளைப் போடுகிறார்கள். மேலே தேன்நிறத்தில் மெல்லிய மொறுமொறுப்பான ஓடு படிய வேண்டும். உள்ளே கேக் ஈரமாகவே இருக்க வேண்டும். சாதாரணக் கேக்குக்குச் செய்வதுபோல் குச்சியைக் குத்தி, அது உலர்ந்து வரும்வரை காத்திருந்தால் லவ் கேக் காய்ந்துபோய்விடும். முழுக்க ஆறிய பிறகே சிறு சதுரங்களாக வெட்ட வேண்டும்.  

கடையும் வீடும்

தூத்துக்குடி மக்ரூன் பேக்கரியின் பண்டம். நீண்ட நேரத் தணல்சூடு, நிறைய வெள்ளைக்கரு, அடிக்கும் கை அல்லது இயந்திரம் ஆகிய மூன்றும் கடையில்தான் எளிதில் சேரும். ஊருக்கு வந்தவர் திரும்பும்போது வாங்கிச் செல்லும் பொருளாக அது ஆண்டு முழுவதும் விற்கிறது. லவ் கேக் கடைகளில் கிடைத்தாலும், அதன் பெருமை வீட்டில் இருக்கிறது. நத்தாருக்கும் (கிறிஸ்துமஸ்) பிறந்தநாளுக்கும் செய்வது, அயலாருக்குத் தட்டில் அனுப்புவது, அளவைத் தாயிடமிருந்து மகள் எழுதிவைத்துக்கொள்வது என்று அது குடும்பத்தின் உடைமையாகிவிட்டது. ஆகவே மக்ரூன் கடைக்குக் கடை சிறிதே மாறுகிறது. லவ் கேக் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

காற்றின் ஈரம் இரண்டையும் இருவிதமாகப் பாதிக்கிறது. மக்ரூன் ஈரத்தை உறிஞ்சி ஒரு நாளிலேயே பிசுபிசுக்கும். காற்றுப்புகாத டப்பா அதற்குக் கட்டாயம். மழைநாளில் அதைச் சுடாமல் இருப்பதே நல்லது. லவ் கேக்கோ தேனும் சீனியும் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் இரண்டு மூன்று நாள் கழித்தே முழுச் சுவைக்கு வருகிறது. மூடிவைத்தால் பல நாள் கெடாது.

இரண்டையும் ஒரே அடுப்பில்

எது சிறந்தது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. முந்திரியின் சுவையைக் கலப்பின்றி அறிய வேண்டுமானால் மக்ரூன். முந்திரி மற்ற மணங்களோடு கூடி வாழ்வதை அறிய வேண்டுமானால் லவ் கேக். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யும் வீட்டில் முட்டையின் ஒரு பாதி மிஞ்சிவிடுகிறது. மேலே சொன்ன அளவில் ஒரு லவ் கேக் செய்தால் 6 வெள்ளைக்கரு மீதமாகும். அது ஏறத்தாழ 200 கிராம். அதற்கு 300 கிராம் சீனியும் அதே அளவு முந்திரிப் பொடியும் சேர்த்தால் ஒரு பெரிய தட்டு மக்ரூன் கிடைக்கும். முதலில் கேக்கைச் சுட்டெடுத்து, அடுப்பின் சூட்டைத் தணித்து, அதன் பின் மக்ரூனை உள்ளே வைக்கலாம். 10 முட்டையில் எதுவும் வீணாகாது.