கணித உளவியற் கட்டுரைகளும் அவற்றின் மதிப்பீடும்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சேறுதற்குமுன் அத்துறை வல்லார் சிலரது பார்வைக்குட்பட்டுத் தேறுதல் வேண்டும் என்பது இக்காலத்து அறிவியற் சஞ்சிகைகள் மேற்கொண்டொழுகும் முறை. பண்டைத் தமிழ்ப் புலவர் தம் நூலை அவையின்கண் அரங்கேற்றிய வழக்கோடு இதனை ஒப்பிடுவாருமுளர். ஒப்புமை ஓரளவே பொருந்தும். அரங்கேற்றத்தில் நூலாசிரியன் அவைமுன் நின்று தடைகளுக்கு விடை கூறினான். தடுத்தவர் யார், விடுத்தவர் யார் என்பது அவையோர் அனைவரும் அறிய நிகழ்ந்தது. சஞ்சிகை முறையிலோ மதிப்பிடுவோர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படும். இருதிறத்தாருக்கும் இடைநின்று எழுத்து மூலம் தொடர்பு செய்பவர் பத்திராதிபர் ஒருவரே. இம்முறை எதனைக் காக்கின்றது, எதனைத் தவறவிடுகின்றது என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்குக் கணித உளவியல் நல்லதோர் உரைகல். கணிதம் சரியோ பிழையோ என்பதைத் தாளிலேயே சோதித்துவிடலாம். உளத்தைப் பற்றிய கூற்றை அங்ஙனம் தாளிற் சோதித்தல் இயலாது. இவ்விரண்டும் ஒரே கட்டுரையில் விரவி வரும்போது மதிப்பிடுவோர் கண் எதன்மேற் செல்லும் என்பதே வினா.

உளத்தை எண்ணால் அளத்தல் புதிய முயற்சியன்று. ஜேர்மனியரான பெக்னர் 1860ஆம் ஆண்டில் உளப்பௌதிகம் பற்றிய தமது நூலை வெளியிட்டு, புலனுணர்ச்சி தூண்டலின் மடக்கைக்கு ஏற்ப வளரும் என்றார். நூறாண்டு அளவிற் கழிந்தபின், 1957இல், அமெரிக்கரான ஸ்டீவன்ஸ் அதனை மறுத்து அடுக்கு விதியொன்றை நிறுவ முயன்றார். இவற்றினிடையே, கற்றலைச் சமன்பாடுகளால் விளக்கும் முயற்சி அமெரிக்காவில் எழுந்தது. எஸ்டீஸ் 1950இலும், புஷ், மொஸ்ரெலர் என்னும் இருவர் 1951இலும் எழுதிய கட்டுரைகள் உளவியலின் பொதுச் சஞ்சிகையொன்றிலேயே வெளியாயின. அதனைப் படித்தோருட் பலர் கணிதம் பயிலாதவர். 1963இல் லூஸ், புஷ், கலன்ரர் ஆகியோர் தொகுத்த கணித உளவியற் கைந்நூலின் முதலிரு பாகங்கள் வந்தன. அடுத்த ஆண்டு, 1964இல், அற்கின்சன், புஷ், எஸ்டீஸ், லூஸ் முதலியோரின் முயற்சியாற் கணித உளவியலுக்கெனத் தனிச் சஞ்சிகை தோன்றியது. தனிச் சஞ்சிகை தோன்றியமையால் விளைந்த நன்மை வெளிப்படை: தேற்றத்தின் நிறுவலைப் படித்துணர வல்லாரே அதனை மதிப்பிடலாயினர். அதனால் விளையக்கூடிய கேடு அத்துணை வெளிப்படையன்று. தம்முள் தாமே பேசிக்கொள்ளும் குழுவினர்க்குத் தம் மொழியின் அழகே பொருளாகத் தோன்றுதல் கூடும்.

அச்சஞ்சிகையின் முதலிதழில் முதற் கட்டுரையாக அமைந்தது லூஸும் புள்ளிவிபரவியல் அறிஞரான ரூக்கியும் சேர்ந்தெழுதிய கட்டுரை. இத்துறையிற் கையெழுத்துப் பிரதியொன்று எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு இருபத்தேழு பக்கங்கொண்ட அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. அதன் பெருமையை உணர்தற்கு அதற்கு முந்திய வழக்கொன்றை அறிதல் வேண்டும். பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1932இல் ஒரு குழுவை நியமித்தது. பௌதிகவியலாரும் உளவியலாருமாகப் பத்தொன்பது பேர் அதில் இருந்தனர். புலனுணர்ச்சியை அளத்தல் கூடுமா என்பதே அவர்முன் இருந்த வினா. 1940இல் முடிவறிக்கை வெளிவந்தபோதும் அவர்கள் ஒருமைப்பட்டாரல்லர். பௌதிகவியலாரான கம்பெல் முதலியோரின் தடை வலியது. நீளத்தை அளக்கின்றோம் எனின், இரண்டு கோல்களை முனையோடு முனை சேர்த்துவைத்து அவற்றின் கூட்டுத்தொகையைக் காண இயலும்; ஓருணர்ச்சியோடு மற்றோருணர்ச்சியை அங்ஙனம் சேர்த்துவைத்தல் இயலுமா? இயலாதெனின் அதனை அளவென்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

லூஸும் ரூக்கியும் இத்தடையை வாதத்தால் மறுக்க முற்படவில்லை. கோலோடு கோல் சேர்க்காமலே அளவு பிறக்கும் வழியொன்றுண்டெனத் தேற்றத்தால் நிறுவினர். இரு காரணிகள் சேர்ந்து ஒரு விளைவைத் தருகின்றன என்க. ஒலியை எடுத்துக்கொண்டால், இடக்காதில் மூவகை வலிமையும் வலக்காதில் மூவகை வலிமையும் தரப்படுகின்றன. கேட்போன் எண் எதனையும் கூறவேண்டுவதில்லை. எது உரத்தது என்று மட்டும் கூறினாற் போதும். இடக்காதின் இரண்டாம் ஒலியும் வலக்காதின் முதலாம் ஒலியும் சேர்ந்தது, இட முதலும் வல இரண்டும் சேர்ந்ததிலும் உரத்தது என்கிறான். இட மூன்றும் வல இரண்டும் சேர்ந்தது, இட இரண்டும் வல மூன்றும் சேர்ந்ததிலும் உரத்தது என்கிறான். அங்ஙனமாயின், இட மூன்றும் வல முதலும் சேர்ந்தது, இட முதலும் வல மூன்றும் சேர்ந்ததிலும் உரத்ததாயிருத்தல் வேண்டும். அவன் செவி இதற்கு மாறாகக் கூறுமாயின், இரு செவியின் விளைவுகளும் கூட்டற்றன்மையுடையன என்னும் கொள்கை அப்பொழுதே வீழ்ந்தது. இதுவும் இதனையொத்த பிற நிபந்தனைகளும் நிறைவேறுமாயின், நீளத்தின் அளவுக்கு நிகரான அளவொன்று உணர்ச்சிக்கும் அமையும் என்பதே தேற்றம். 1972இல் லெவெல்ற் முதலிய நெதர்லாந்து ஆய்வாளர் இரு செவிகளையும் வைத்து இம்முறையையே பரிசோதித்தனர்.

இக்கட்டுரையின் சிறப்பு அதன் தேற்றத்தின் அழகில் மட்டும் இல்லை. தன்னைத் தோற்கடிக்கும் வழி யாது என்பதை அது தானே சொல்லிக்கொடுத்தது. அங்கேயே அதன் உயர்வு இருக்கின்றது. ஆயினும் குறை கூறாது விடுதலும் நேர்மையன்று. மனிதன் ஒரே வினாவுக்கு இன்று ஒன்றும் நாளை ஒன்றும் விடை கூறுவான். இத்தகைய பிறழ்ச்சியைத் தேற்றம் கணக்கிற் கொள்ளவில்லை. மூன்றாம் விடை மாறி வந்தால் அது கொள்கையின் தோல்வியோ கேட்போனின் சோர்வோ என்று துணிதல் கடினம். 1992இல் கிளிஃப் என்னும் உளவியலாளர், இவ்வளவீட்டுக் கொள்கை உளவியலில் உண்டாக்கியிருக்கவேண்டிய புரட்சி உண்டாகவே இல்லை என்று எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். போற்றியவர் பலர், கையாண்டவர் சிலர்.

பின்வந்த கட்டுரைகள் பலவற்றின் போக்கு வேறு. மாதிரியுரு ஒன்று அமைக்கப்படும். அதிலே விரும்பியவாறு மாற்றிக்கொள்ளத்தக்க கணியங்கள், அதாவது பரமானங்கள், சில இருக்கும். பரிசோதனையில் வந்த தரவுகளின்மேல் மாதிரியுருவின் வளைகோடு அழகாகப் படிந்து செல்வதைப் படத்தாற் காட்டி, கொள்கை நிறுவப்பட்டது என்று கட்டுரை முடியும். இவ்வழக்கத்தை றொபேட்ஸ், பஷ்லர் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டிற் கடுமையாகக் கண்டித்தனர். ஒரு கொள்கை தரவோடு பொருந்துகிறது என்பது எதனையும் நிறுவாது. அக்கொள்கை எவ்வெத்தரவுகளை நிகழாதவை என்று விலக்குகின்றது, விலக்கப்பட்டவை நிகழ்ந்திருத்தல் கூடுமா, தரவின் தளம்பல் எவ்வளவு என்பன காட்டப்படல் வேண்டும் என்பது அவர் கருத்து. எதனையும் விலக்காத மாதிரியுரு எதனோடும் பொருந்தும். நான்கு பரமானங்கள் தந்தால் யானையையே வரைந்துவிடலாம் என்று பௌதிகவியலாரிடையே வழங்கிய நகைமொழி ஒன்றுண்டு. 2010இல் மூவர் நான்கு சிக்கலெண்களைப் பரமானமாகக் கொண்டு யானையின் உருவை மெய்யாகவே வரைந்தும் காட்டினர். கணித உளவியலார் இக்குறையை உணராதவரல்லர். அதே 2000ஆம் ஆண்டில் அவர்தம் சஞ்சிகை, மாதிரியுருக்களுள் எதனைத் தெரிவது என்பதற்கே ஒரு சிறப்பிதழ் ஒதுக்கி, பரமானங்கள் மிகுந்தவற்றுக்குத் தண்டம் விதிக்கும் முறைகளை ஆராய்ந்தது.

நன்னூலார் நூற்குற்றம் பத்தென வகுத்தார். அவற்றுட் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்பவற்றைப் பத்திராதிபர் எவரும் எளிதிற் கண்டுகொள்வர். கட்டுரையைத் திருப்பியனுப்பும் கடிதங்களிற் பெரும்பாலன இவற்றையே வேறு சொற்களாற் கூறுவன. நின்று பயனின்மை என்னும் பத்தாம் குற்றமே கண்ணுக்குத் தப்புவது. சமன்பாடுகள் ஒழுங்காக நிற்கும், சொற்கள் நிற்கும், உளத்தைப் பற்றி அறிந்தது மட்டும் ஒன்றும் இராது. கணிதம் தவறின்றி அமைந்த கட்டுரையிலேதான் இக்குற்றம் நன்றாக மறைந்திருக்கும்.

கணிதத்தின் மதிப்பே கண்ணை மறைத்தற்குப் பேர்ட் என்னும் ஆங்கிலேயரின் வரலாற்றைக் காட்டலாம். சேர் சிறில் பேர்ட் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1932 முதல் 1950 வரை உளவியற் பேராசிரியராயிருந்தவர். புள்ளிவிபர உளவியலுக்கென 1947இல் பிரித்தானியாவிலே தொடங்கப்பட்ட சஞ்சிகையை நடத்திய பத்திராதிபருள் ஒருவராயிருந்து, நெடுங்காலம் அதனைத் தம் ஆட்சியில் வைத்திருந்தார். பிரிந்து வளர்ந்த ஒருகரு இரட்டையரின் நுண்ணறிவைப் பற்றி அவர் எழுதிய மூன்று கட்டுரைகள் நோக்கத்தக்கன. 1955இல் இருபத்தொரு சோடி இரட்டையர். இணைபுக் குணகம் 0.771. 1958இல் முப்பதுக்கு மேற்பட்ட சோடிகள், குணகம் 0.771. 1966இல் ஐம்பத்துமூன்று சோடிகள். குணகம் அப்பொழுதும் 0.771. ஆட்கள் தொகை இரட்டிக்கு மேலாகியும் மூன்றாம் தசமதானங்கூட அசையவில்லை. வகுப்பிலே சராசரி காணும் மாணவனும், புதிய பெயர்கள் சேர்ந்தால் விடை சிறிதேனும் மாறும் என்பதை அறிவான். இம்மூன்று கட்டுரைகளும் பேர்ட்டின் சொந்தச் சஞ்சிகையில் வந்தனவல்ல. பிறர் நடத்திய மூன்று வெவ்வேறு சஞ்சிகைகளில் வந்தன. ஒருவரும் தடுக்கவில்லை. பேர்ட் 1971இல் இறந்தார். 1974இல் கமின் என்னும் அமெரிக்கர் இவ்வெண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டிய பின்னரே உலகம் விழித்தது.

அவர் ஆட்சியிலிருந்த சஞ்சிகையிலே 1958இல் கொன்வே என்னும் பெயரால் இதே கருத்தை ஆதரிக்கும் கட்டுரையொன்று வந்திருந்தது. 1976இல் கில்லி என்னும் பத்திரிகையாளர் அவ்வம்மையாரைத் தேடியும் காணமுடியவில்லை. 1979இல் பேர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹேர்ன்ஷோ, முதலில் அவரிடம் மதிப்புடையவராயிருந்தும், மோசடி நிகழ்ந்தது என்றே முடிவு கட்டினார். ஜொயின்சன் 1989இலும் பிளெச்சர் 1991இலும் அம்முடிவை மறுத்து நூல்கள் எழுதினர். பேர்ட் வேண்டுமென்றே பொய் புனைந்தாரா, அன்றிப் பழைய எண்ணைக் கவலையின்றித் திரும்பவும் பெயர்த்தெழுதினாரா என்னும் வழக்கு முற்றும் தீர்ந்ததன்று. கட்டுரை மதிப்பீட்டைப் பற்றிய வினாவுக்கு அவ்வழக்கின் தீர்ப்பு வேண்டுவதுமில்லை. எவ்வாறாயினும் அவ்வெண் மூன்று முறை அச்சேறியது. மதிப்பிட்டோர் பெயரை நோக்கினர், முறையை நோக்கினர், எண்ணை நோக்கினாரல்லர்.

பெயரின் வலிமை எத்தகையது என்பதைப் பீற்றேர்ஸ், செசி என்னும் இருவர் 1982இல் வெளியிட்ட ஆய்வு காட்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தார் எழுதி உளவியற் சஞ்சிகைகளில் அச்சான பன்னிரண்டு கட்டுரைகளை அவர் எடுத்தனர். ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மாற்றி, கேட்டறியாத பெயர்களை இட்டு, அவற்றை முன்பு வெளியிட்ட அதே சஞ்சிகைகளுக்கு அனுப்பினர். பத்திராதிபரும் மதிப்பீட்டாளருமாக முப்பத்தெண்மருள் மூவரே பழைய சரக்கென்று கண்டுபிடித்தனர். எஞ்சிய ஒன்பது கட்டுரைகளுள் எட்டுத் தள்ளப்பட்டன. பெரும்பாலானவற்றுக்குக் கூறிய காரணம் ஆய்வு முறையிற் கடுங்குறை உண்டென்பது! முன்பு மறைந்திருந்த குறை இரண்டாண்டளவில் வெளிப்பட்டதோ, பெயர் மாறியதனாற் பிறந்ததோ? இவ்வாய்வில் ஒப்பீட்டுக்கென வேறு கட்டுரைகள் அனுப்பப்படவில்லை என்னும் குறையுண்டு. பத்திராதிபர்களை அறியாமையில் வைத்து நடத்தியது முறையா என்ற கேள்வியும் உண்டு. எனினும் சிறுகல்லூரிகளிலிருந்து எழுதும் ஆய்வாளர்க்கு இதன் பொருள் தெளிவு. ஆசிரியர் பெயரையும் மறைத்து மதிப்பிடும் முறை பல சஞ்சிகைகளில் இன்று கையாளப்படுவது அவர்க்கு ஓரளவு காப்பு. கணிதத் துறையிலோ அதுவும் முழுக்காப்பன்று. குறியீடுகளைக் கொண்டே இன்னார் மாணவன் என்று வல்லார் ஊகித்துவிடுவர்.

லூஸ், ரூக்கி இருவரும் எழுதியதற்கும் பேர்ட் எழுதியதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். முன்னையதை ஐயுறுவோன் ஆசிரியரின் பெயரை நம்பவேண்டியதில்லை. அறுபது ஆண்டு கழிந்தும் நிறுவலை ஒவ்வொரு வரியாகத் தானே நடந்து பார்க்கலாம், கூட்டற்றன்மையை இரு செவிகளிற் பரிசோதிக்கலாம். பின்னையதை ஐயுறுவோனுக்கு இரட்டையரின் மூலத்தரவு வேண்டும். சஞ்சிகைகள் கட்டுரையோடு தரவையும் கணிப்புக்கான நிரலையும் ஒப்படைக்குமாறு கேட்கத் தொடங்கியது அண்மையிலேயே. பேர்ட்டின் காலத்தில் எவரும் கேட்டிலர். அவர் இறந்தபின் அவர் இல்லத்திலிருந்த காகிதப் பெட்டிகள் பல எரிக்கப்பட்டன.