சின்ன மனை, பெரிய மனை, ஒரே தெரு

அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியில் எனக்குப் பிடித்த தெரு ஒன்று உண்டு. ஒரு பக்கம் முழுக்க ஒட்டி ஒட்டி நிற்கும் ஒல்லி வீடுகள். முகப்பு பன்னிரண்டு, பதின்மூன்று அடி இருந்தால் அதிகம். கீழே இஸ்திரி மேசையோ தையல் மெஷினோ இருக்கும். வெளிச்சுவரை ஒட்டி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய செங்குத்தான படிக்கட்டு. முதல் மாடியில் வீட்டுக்காரர், அதற்கு மேல் ஷீட் போட்ட ஓர் அறையில் குடித்தனக்காரர். அப்படியே நடந்து முனையில் திரும்பினால் காம்பவுண்டுச் சுவரும் கார் நிற்கும் போர்ட்டிகோவுமாகப் பெரிய வீடுகள். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே கழிவுநீர்க் குழாய், ஒரே மளிகைக் கடை, ஒரே பஸ் நிறுத்தம். 2015 முதல் மெட்ரோ நிலையமும் பொது.

ஊர் வளர்ந்த வேகத்தில் தானாக அமைந்த கலப்பு இல்லை இது. இப்படி இருக்க வேண்டும் என்றே வரைபடத்தில் கோடு போட்டார்கள். உலக வங்கிக் கடனில் 1977-ல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் அரசு நிலத்தைச் சீர்படுத்தி மனைகளாகப் பிரித்தது. 1980-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முகப்பேர், மதுரவாயல், மணலி சேர்ந்தன. வீடு கட்டித் தருவது திட்டமில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றோடு மனையைக் கொடுத்துவிடுவார்கள். மிக ஏழைகளுக்கான மனையில் ஒரு கழிவறையும் தண்ணீர்க் குழாயும் கட்டியிருக்கும். மேற்கொண்டு கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனைகளையும் கடைகளுக்கான மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். ஹவுசிங் போர்டு வட்டாரத்தில் இன்றும் புழங்கும் இ.டபிள்யூ.எஸ்., எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்ற நான்கு வருமானப் பிரிவினரும் ஒரே லேஅவுட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

நகரில் ஏழைக்கு வீடு என்று பேச்சு வந்தாலே எத்தனை வீடு, எத்தனை சதுர அடி, எத்தனை கோடி என்று கட்டடக் கணக்குக்குப் போய்விடுகிறோம். சென்னையின் அரை நூற்றாண்டு அனுபவத்தைப் பார்த்தால், ஒரு குடியிருப்பு நியாயமானதா, உடம்புக்கு நல்லதா, ஏழைக்குக் கட்டுப்படியாகுமா என்பதில் பெரும்பகுதி செங்கல் வருவதற்கு முன்பே, மனை பிரிக்கும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் கைவிடப்பட்ட ஒரு பழைய முறையைத் திரும்ப எடுத்து எடை போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே அதற்கான சட்டம் வந்தது. ஸ்லம் போர்டு என்று எல்லோரும் சொல்லும் இந்த வாரியம் முதலில் செய்தது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவது. நொச்சிக்குப்பத்து மீனவர் கடலைப் பார்த்தபடியே குடியிருக்க முடிந்தது. அந்த நல்ல கொள்கைக்குச் செலவு அதிகமானது, வேகம் போதவில்லை, கட்டியதைப் பராமரிக்கவும் ஆளில்லை. இந்த நெருக்கடியில் வந்து சேர்ந்ததுதான் மனை கொடுக்கும் யோசனை. கட்டும் பொறுப்பை அரசு ஏழையின் தலையில் கட்டுகிறது என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

தொடக்கத்தில் பார்த்தவர்களுக்குத் திட்டம் தோல்வியாகவே தெரிந்தது. மனைகள் புல் முளைத்துக் கிடந்தன. வேலை இருக்கும் இடத்துக்கும் மனைக்கும் தூரம் அதிகம். தவணை ஒழுங்காக வரவில்லை. 90-களில் உலக வங்கியே இம்முறையை விட்டு விலகியது. இருபது ஆண்டுகள் கழித்து மும்பை, சென்னை மனைத் திட்டங்களைத் திரும்பப் போய்ப் பார்த்து கேத்ரின் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகிய மூவரும் எழுதிய ஆய்வு 2018-ல் ‘வேர்ல்டு டெவலப்மென்ட்’ இதழில் வெளிவந்தது. தோல்வி என்று எழுதி மூடிய இடங்கள் பல வருமானத்தினரும் சேர்ந்து வாழும் உயிருள்ள பேட்டைகளாக வளர்ந்திருந்தன. ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டில் பொட்டல் மனையாகத் தெரிந்தது, இருபத்தைந்தாம் ஆண்டில் மூன்று தலைமுறையைத் தாங்கும் வீடாகியிருந்தது. கட்டட வேலை செய்கிற குடும்பம் சீட்டு எடுத்து ஓர் அறை, மகள் கல்யாணத்துக்கு முன் ஒரு தளம், மகனுக்கு வேலை கிடைத்தபின் ஒரு மாடி என்று கட்டும் வேகத்தை எந்தத் திட்ட அறிக்கையின் காலக்கெடுவுக்குள்ளும் அடைக்க முடியாது. மதிப்பிட்டவர்கள் அவசரப்பட்டார்கள். அந்த அவசரத்தின் விலையைப் பிறகு வந்த ஏழைகள் கொடுத்தார்கள் என்பது என் கணிப்பு.

குறைகளையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். முதலாவது, மனை கைமாறியது. ஒதுக்கீட்டு ஆணை வாங்கியவர் மருத்துவச் செலவுக்கோ கடனுக்கோ பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கதை இந்த லேஅவுட்டுகளில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். ஏழை ஏமாற்றப்பட்டார் என்று எல்லா விற்பனையையும் ஒரே வரியில் முடித்துவிட முடியாது. நல்ல விலைக்கு விற்று, ஊரில் நிலம் வாங்கியவர்களும் உண்டு; சொத்தை விற்கும் உரிமை பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல. ஆனாலும் பொதுப் பணத்தில் உருவான மலிவு மனை ஒருமுறை சந்தை விலைக்குப் போய்விட்டால் திரும்பி வருவதில்லை. இன்று எம்.எம்.டி.ஏ. காலனியில் ஒரு சின்ன மனையை வாங்க, அந்நாளில் அதற்கு விண்ணப்பித்தவரைப் போன்ற வருமானம் உள்ளவரால் முடியவே முடியாது. முதல் தலைமுறை ஏழைக்குக் கிடைத்த நியாயம் அடுத்த தலைமுறை ஏழைக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது குறையை எனக்குத் தெரிந்து யாரும் போதிய அளவு பேசுவதில்லை. திட்டம் முழுக்கச் சொந்தக்காரரை நினைத்தே வரையப்பட்டது. முன்பணமும் மாதத் தவணையும் கட்ட முடியாதவர், நடைபாதையில் வாழ்பவர், வருமானத்தைக் காட்ட ஒரு தாளும் இல்லாதவர் எல்லாம் வரிசைக்கே வரவில்லை. அவர்களில் சிலருக்கு இடம் கிடைத்தது என்றால் அந்த ஒல்லி வீட்டின் மேல்மாடி ஷீட் அறையில்தான். நகரத்துக்கு நேற்று வந்து இறங்கியவருக்கு மலிவான வாடகை அறையைத் தந்தவர், தாமே அண்மைக்காலம்வரை குடிசையில் இருந்த வீட்டுக்காரர். வெயிலில் அந்த ஷீட் அறை அனலாகக் கொதிக்கும். மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் என்பதால் கீழ்த்தளத்து உள்ளறையில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். சின்ன மனைக்கு விதி வகுத்தவர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு சின்ன முற்றத்தையாவது கட்டாயமாக்கியிருக்கலாம்.

மூன்றாவது, நிலம். அரசு எங்கே மலிவாக நிலம் கிடைத்ததோ அங்கே திட்டம் போட்டது. கொடுங்கையூர் என்றால் நகரத்துக்கு நினைவு வருவது குப்பைக் கிடங்கு. மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றிய ரசாயன ஆலைகளும். அரும்பாக்கத்துக்கும் மணலி புதுநகருக்கும் மனை கொடுத்த முறை ஒன்றே. அரும்பாக்கம் நகரத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. மணலி புதுநகர்க்காரர் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் பீரோவைச் செங்கல் வைத்து உயர்த்துகிறார். முகப்பேரில் ‘ஏரி ஸ்கீம்’ என்றே ஒரு பேட்டைக்குப் பெயர். ஏரி எங்கே போனது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. நீர் நிற்கும் இடத்தில் ஏழைக்கும் நடுத்தரத்துக்கும் வீடு கொடுத்தால், ஒவ்வொரு மழைக்கும் சுவரில் ஏறும் ஈரமும் கழிவு கலந்த குடிநீரும் அந்த வீட்டோடு சேர்ந்தே வருகின்றன.

இத்தனை குறைக்குப் பிறகும் நான் ஏன் அந்த முறையின் பக்கம் நிற்கிறேன் என்பதற்குப் பதில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது. 2000 வாக்கில் துரைப்பாக்கத்தை அடுத்துக் கண்ணகி நகர் எழுந்தது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள்; முதலில் கட்டியவை 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. அடுத்துச் செம்மஞ்சேரி. அதற்கடுத்துப் பெரும்பாக்கத்தில் எட்டடுக்கு மாடிகளில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தி இங்கே கொண்டுவந்தார்கள். ஒரே வருமானம், ஒரே வகை வேலை, ஒரே வகைத் துயரம் உள்ளவர்களை ஒரே இடத்தில் திரட்டினார்கள்.

இந்த வீடுகளுக்கும் நன்மை உண்டு. கூரை ஒழுகாது, தீப்பிடிக்காது. பெண்களுக்கு வீட்டுக்குள்ளேயே கழிவறை. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர், பொதுக் கழிப்பறைக்காக இருட்டும்வரை காத்திருக்க வேண்டிய நிலையை அறியாதவர். ஆனால் பெரும்பாக்கத்தில் ஒரு மதியம் நான் பார்த்தது இது. லிப்ட் நின்றிருந்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடி ஓர் அம்மா ஆறாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தளத்திலும் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். “முட்டி வலிக்கு டாக்டர் மாடி ஏறாதீங்கன்னு சொல்லியிருக்காருப்பா” என்று சொல்லிவிட்டு மறுபடி குடத்தைத் தூக்கினார். மயிலாப்பூரில் நான்கு வீட்டில் வேலை செய்தவராம். இங்கே வந்தபின் இரண்டு வீடுதான் முடிகிறது. 2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி என்று அவரே சொன்னார். போக வர ஆகும் நேரத்தை மட்டும் யாரும் திருப்பித் தர முடியவில்லை. அந்த நேரம் பறிபோனது தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் பொழுதிலிருந்தும்.

பள்ளி ஆண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்ட பிள்ளைகளில் படிப்பை விட்டவர்கள் பலர். முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வேலைக்குக் கூப்பிட யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எம்.எம்.டி.ஏ. காலனியின் ஒல்லி வீட்டில் வளர்ந்த பையனுக்கும் பெரிய வீட்டுப் பையனுக்கும் விண்ணப்பத்தில் எழுத ஒரே முகவரி, ஒரே பின்கோடு.

அடுக்கி நெருக்கினால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் கோவண்டிப் பகுதி சாட்சி. அங்குள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் சில அடிகளே இடைவெளி. வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதலாக இருந்ததை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மும்பையில் சார்கோப் என்ற மனைத் திட்டப் பகுதியும் இருக்கிறது. அங்கே வீடுகள் சின்னஞ்சிறியவை. ஆனால் தாழ்வானவை, நடுவில் பொது முற்றம் வைத்துச் சுற்றிக் கட்டியவை. நெருக்கம் இரண்டு இடத்திலும் உண்டு. ஒன்றில் கதவைத் திறந்தால் வானம் தெரிகிறது.

நகரத்துக்குள் மனை பிரித்துக் கொடுக்க இனி நிலம் ஏது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தாழ்ந்த வீடுகள் நிலத்தை அதிகம் தின்னும். கிரவுண்டு கோடியில் விற்கும் இடத்தில் பழைய முறையை அப்படியே நகலெடுக்க முடியாது. அதன் உயிர்நாடி சிறியதும் பெரியதும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, பெரியதன் லாபம் சிறியதைத் தாங்குவது. மாடிக் குடியிருப்பிலும் இதைச் செய்யலாம். விதி ஏற்கெனவே ஒருவிதத்தில் இருக்கிறது. சென்னைப் பெருநகரில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டம் போடுபவர் பத்து சதவீத இடத்தைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்க வேண்டும் என்று இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகளிலேயே சேர்த்தார்கள். அதே விதி, அந்த வீடுகளை இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறெங்காவது கட்டிக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தது. பின்னாளில் கட்டணமாகச் செலுத்திவிடும் வழியும் திறந்தது. கட்டணமாக வந்த பணத்தில் ஏழைக்கு வீடு கட்ட நிலம் தேடினால் எங்கே கிடைக்கும்? மறுபடி பெரும்பாக்கத்துக்கு அப்பால்தான். ஒரே தெருவில் வாழ வைப்பதற்காக எழுதிய விதியை, தொலைவில் அனுப்பி வைப்பதற்கான செலவுக் கணக்காக மாற்றிவிட்டோம். இது எனக்கு ஆறாத மனக்குறை.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு, மாமல்லபுரம் என்று புதுநகர்களின் பெயர்கள் அடிபடுகின்றன. இன்றைக்கு அவை 1977-ன் அரும்பாக்கம்போல ஊருக்கு வெளியே இருக்கின்றன. மெட்ரோவும் புதுச் சாலைகளும் வந்தபின் விலை கைக்கு எட்டாது. நிலத்தை இப்போதே வாங்கி வைக்க வேண்டும். அதிலும் ஒரு பங்கு வீடுகளை விற்காமல், வாடகைக்கு என்றே அரசு தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பவர் பத்திரத்தில் கரைந்துபோன பழைய மலிவு மனைகளிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

அந்தப் புதுநகர்களின் வரைபடங்கள் மக்கள் கருத்துக்காக வைக்கப்படும் நாளில், நான் முதலில் மனைப் பட்டியலைத்தான் புரட்டப்போகிறேன். மிகச் சிறிய மனை எத்தனை சதுர அடி, அது எந்தத் தெருவில், அந்தத் தெருவின் எதிர்வரிசையில் என்ன அளவு மனை, பழைய வருவாய் வரைபடத்தில் அந்த இடத்தின் பெயர் ஏரியா குட்டையா, முனையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்.