ஐந்து விழுக்காடு விழிப்பு

சுயமுன்னேற்ற நூல்களை நம் இலக்கியவாதிகள் தொடமாட்டார்கள். தொட்டாலும் கேலி செய்யத்தான் தொடுவார்கள். ஆனால் மலேசியத் தமிழ் இளைஞர்களில் நாவல் படித்தவர்களைவிடத் தன்முனைப்பு முகாமில் உட்கார்ந்தவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன். பல்கலைக்கழகம் முடிப்பதற்குள் நானே நான்கைந்து முகாம்களைப் பார்த்துவிட்டேன். விளக்கை அணைத்து, அம்மா அப்பாவை நினைக்கச் சொல்லி அழவைத்து, கடைசியில் 'என்னால் முடியும்' என்று மூன்று முறை கத்தவிடுவார்கள். தன்மதிப்பு, விழிப்போடு வாழ்தல் என்றெல்லாம் அங்கே அடிக்கடி சொல்வார்கள். அந்தச் சொற்களைப் பற்றி விரிவாக எழுதியவரையே படித்துப் பார்ப்போமே என்று நெதானியல் பிராண்டனின் 'தி சிக்ஸ் பில்லர்ஸ் ஆஃப் செல்ஃப் எஸ்டீம்' (1994) நூலை எடுத்தேன்.

எதிர்பார்த்ததைவிடக் கறாரான மனிதர். கனடாவில் பிறந்து, அமெரிக்காவில் அய்ன் ராண்டின் நெருங்கிய சீடராக இருந்து, 1968இல் அவரைவிட்டுப் பிரிந்தவர். தன்மதிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். வாழ்க்கையைச் சமாளிக்க என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒன்று. மகிழ்ச்சிக்கு நான் தகுதியானவன் என்ற உணர்வு இன்னொன்று. இரண்டும் பாராட்டினால் வந்துவிடாது, அன்றாடப் பழக்கத்தால்தான் வரும் என்கிறார். அவர் சொல்லும் ஆறு பழக்கங்களில் முதலாவது விழிப்போடு வாழ்தல். செய்கிற வேலையில் மனம் இருப்பது, பிடிக்காத உண்மையையும் பார்ப்பது, தெரிந்ததைத் தெரியாததுபோல் நடிக்காமல் இருப்பது.

இதற்கு அவர் தரும் பயிற்சி எனக்குப் பிடித்திருந்தது. பாதி வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அதிகம் யோசிக்காமல் ஆறிலிருந்து பத்து முடிவுகள் எழுதச் சொல்கிறார். காலையில் சில நிமிடங்கள் போதும். ஆளே மாறிவிடு என்று கேட்பதில்லை. இன்று ஐந்து விழுக்காடு கூடுதல் விழிப்போடு இருந்தால் என்ன நடக்கும் என்கிற மாதிரியான கேள்விதான். ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டு முடிவுகள் பாலிஷ் போட்டவையாக இருக்கும். ஐந்தாவதுக்கு மேல்தான் 'அண்ணன் மெசேஜ் போட்டா பாக்காத மாதிரி விடமாட்டேன்' என்று சில்லறை உண்மைகள் விழும். கத்துவதைவிட இது எவ்வளவோ மேல். 2003இல் ராய் பாமைஸ்டரும் மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன்மதிப்பை ஏற்றிவிட்டால் படிப்பு ஏறிவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எஸ்.பி.எம். மாணவர்களுக்கு முகாம் போடுகிறவர்கள் தேடிப் படிக்கலாம்.

சிக்கல் மூன்றாவது தூணில் தொடங்குகிறது: சுயபொறுப்பு. தொழிற்சாலையில் எங்களுக்கு 'ஃபைவ் வை' என்றொரு முறை உண்டு. டொயோட்டாவிலிருந்து வந்தது. ஒரு கோளாறு நடந்தால் 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். விடை 'ஆப்பரேட்டர் கவனக்குறைவு' என்று முடிந்தால் நல்ல பொறியாளர் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டார். கவனம் தவற இடம் கொடுத்தது எது, இன்னும் கீழே போ என்பார். சுயமுன்னேற்ற எழுத்தில் எல்லா 'ஏன்'களும் ஆப்பரேட்டரிடம் போய் நின்றுவிடுகின்றன. வேலை கிடைக்கவில்லையா, உன் தன்மதிப்பு குறைவு. கூட்டத்தில் வாய் திறக்கவில்லையா, அதுவும் உன் தன்மதிப்புதான்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், பல வருடமாக ஒரே லைனில் வேலை. மெஷின் சத்தம் மாறினால் சென்சார் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். காலைக் கூட்டத்தில் மட்டும் ஒரு வார்த்தை வராது. ஏங்க்கா பேசல என்று கேன்டீனில் கேட்டேன். "சொன்னா, நீ என்னா பண்ணேன்னுதான் மொத கேள்வி வரும் தம்பி. ஒனக்குத் தனியா சொல்றேன், நீ சொல்லிக்க."

பிராண்டனின் நான்காவது தூண், தன் கருத்தைத் தயங்காமல் முன்வைப்பது. அதில் அக்காவுக்குக் குறைந்த மதிப்பெண்தான். முதல் தூணை வைத்துப் பார்த்தால் அந்த அறையில் அவரைவிட விழிப்பானவர் யார்? மெஷினையும் பார்க்கிறார், பேசினால் கொடுக்க வேண்டிய விலையையும் பார்க்கிறார். சூழல் பார்த்து நடக்க வேண்டும் என்று பிராண்டனும் சொல்கிறார்தான். அந்தச் சூழலை யார் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று அந்த அத்தியாயத்தில் அவர் இறங்கவில்லை. அய்ன் ராண்ட் வாசனை இங்கேதான் அடிக்கிறது.

தமிழில் இதைக் கேட்ட ஒரு மரபு இருக்கிறது. பெரியார் 1925இல் தொடங்கிய இயக்கத்தின் பெயரே சுயமரியாதை. 1929 இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து பினாங்கு தொடங்கிப் பல ஊர்களில் பேசினார். எதிரே இருந்தவர்களையும் திட்டாமல் விட்டவர் இல்லை அவர். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் கோயில் வாசல், கல்யாணப் பந்தல், சாதிப் பட்டம் என்று ஊரே இருந்தது. இன்று முகாமில் 'செல்ஃப் எஸ்டீம்' என்பதற்கும் சுயமரியாதை என்றே ஸ்லைடு போடுகிறார்கள். சொல் அதேதான், ஊரைத்தான் காணோம்.

பிராண்டனுக்கு அநியாயம் செய்யக்கூடாது. நூலின் கடைசிப் பாகத்தில் பள்ளிக்கூடம், வேலையிடம், பண்பாடு என்று தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. வேலையிடத்தைப் பற்றியது பெரும்பாலும் தலைமையில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசுகிறது. ஆட்கள் அச்சமில்லாமல் பேசும்படி வைத்துக்கொள்வதை அவர்கள் பொறுப்பாகவே பார்க்கிறது. நான் உட்கார்ந்த எந்த முகாமிலும் இந்தப் பாகம் வந்ததில்லை. காசு கட்டி ஏற்பாடு செய்கிறவர் பின்வரிசையில் நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பார்.

வாங்குகிறவர்கள் கடைசிப் பாகத்தை முதலில் படித்துவிட்டு ஆறு தூண்களுக்கு வரலாம். ஆங்கிலம் சிரமமில்லை. மூன்றாவது தூணில் மட்டும் பென்சில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.