மேப்பிலிருந்து பிறக்கும் அனோட்டேஷன்

ஜாவா 5 வந்த 2004 முதல், அனோட்டேஷன் என்றால் சோர்ஸ் கோடில் எழுதுவது, கம்பைலர் சரிபார்ப்பது என்றே பழகியிருக்கிறோம். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 4.2 இன்னொரு வழியைத் திறந்தது. அட்ரிபியூட் பெயர்களையும் மதிப்புகளையும் ஒரு மேப்பில் போட்டு, அனோட்டேஷன்யூடில்ஸ் கிளாஸின் சிந்தசைஸ்அனோட்டேஷன் மெத்தடிடம் கொடுத்தால், ரன்டைமிலேயே அனோட்டேஷன் ஆப்ஜெக்ட் கிடைத்துவிடும். அனோட்டேஷன் டைப் அடிப்படையில் ஓர் இன்டர்ஃபேஸ்தான் என்பதால், ஜாவாவின் டைனமிக் பிராக்ஸியே இதற்குப் போதும்.

அனோட்டேஷனை மட்டுமே வாங்கிக்கொள்ளும் மெத்தடை அழைக்கும்போது இதன் அருமை தெரியும். முன்பு ஒரு டம்மி கிளாஸ் எழுதி, அதன் மேல் அனோட்டேஷனை ஒட்டி, ரிஃப்ளெக்‌ஷன் மூலம் எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுவேலை இப்போது இல்லை. நாமே பிராக்ஸி எழுதினால் கோட்டைவிடக்கூடியவற்றையும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது. டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷனுக்கு ‘வேல்யூ’வை மட்டும் கொடுத்தால், அதன் மாற்றுப்பெயரான ‘டிரான்சாக்‌ஷன்மேனேஜர்’ அட்ரிபியூட்டும் அதே மதிப்பைத் தரும். விட்டுப்போன இடங்களில் டிஃபால்ட் வந்து உட்காரும். டிஃபால்ட் இல்லாத அட்ரிபியூட் விடுபட்டால் எக்செப்ஷன் எழும்.

சிக்கலும் அந்த டிஃபால்ட்டில்தான் இருக்கிறது. டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷனின் ‘ரீட்ஒன்லி’ என்ற கீயில் நடுவே வரும் ‘ஓ’ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். அதைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டால் கம்பைலர் கண்டுகொள்ளாது. அது வெறும் ஸ்டிரிங். ஸ்பிரிங்கும் வாய் திறக்காது. தனக்குத் தெரியாத கீயை ஒதுக்கிவிட்டு ‘ஃபால்ஸ்’ என்ற டிஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். படிக்க மட்டும் என்று நாம் நினைத்த டிரான்சாக்‌ஷன் சாதாரணமாகவே ஓடும். இதே பிழையைச் சோர்ஸ் கோடில் செய்தால் பில்டே நின்றிருக்கும்.

இப்படிப் பிறந்த அனோட்டேஷன் எந்தக் கிளாஸிலும் ஒட்டாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அந்த ஆப்ஜெக்டை யாரிடம் கொடுக்கிறோமோ அவருக்கு மட்டுமே அது தெரியும். கிளாஸ்களை ஸ்கேன் செய்யும் ஃபிரேம்வொர்க்கின் கண்ணில் அது படவே படாது.

ஆகவே, நம்மால் மாற்ற முடியாத ஏபிஐ அனோட்டேஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடத்தில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கான்ஃபிக் ஃபைலில் இருப்பதையெல்லாம் அனோட்டேஷனாக மாற்றும் பொதுவழியாக இதை ஆக்குவது வேண்டாத வேலை. டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷனையே பாருங்கள்: ஸ்பிரிங் அதைப் படித்து, கடைசியில் ரூல்பேஸ்ட்டிரான்சாக்‌ஷன்அட்ரிபியூட் என்ற சாதாரண ஆப்ஜெக்டாகத்தான் மாற்றிக்கொள்கிறது. அந்த ஆப்ஜெக்டை நேரடியாக உருவாக்கி செட்டரை அழைத்தால் போதும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் விடாது.