மூலையிலே ஓர் எண்!

படத்தைப் பார்ப்பதற்கு முன்னே படத்தின் மூலையைப் பார்க்கின்றனர். அங்கே, கரிக்கோலால், சின்னஞ்சிறு எழுத்தில் 17/150 என்று குறித்திருக்கிறதா? குறித்திருந்தால் முகம் மலர்கிறது, பணப்பை திறக்கிறது. அச்சிட்டவை 150 படிகளே, அவற்றுள் இது 17ஆவது என்பது அதன் பொருள். தெருவோவியர்களின் படங்களைத் திரட்டிச் சேர்ப்போர் இலண்டனிலும் நியூயார்க்கிலும் நடத்திவரும் வாணிகம் இது. தெருவிலே பிறந்த கலைக்கு எண் எதற்கு என்று நாம் கேட்கிறோம்.

படியெடுக்கும் முறையைச் சற்றே பார்ப்போம். மெல்லிய திரையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் வழியே மையைத் தாளில் இறக்குவர், நிறத்துக்கொரு திரை. பனியனில் படம் பதிக்கப் பயன்படும் அதே முறைதான். நூறு கேட்டால் நூறு தரும். ஆயிரம் கேட்டால் ஆயிரம் தரும். பலருக்கென்றே பிறந்த அந்த முறையைப் பற்றிக்கொண்டு, "150 போதும், நிறுத்து!" என்கின்றனர். பிறகு ஒவ்வொரு தாளிலும் ஓவியர் தம் கையாலே ஒரு தீற்றல், ஒரு தெளிப்பு, ஒரு காகித ஒட்டு சேர்க்கிறார். ஒன்றுபோல் மற்றொன்று இராது! கையால் முடித்தது என்ற சிறப்புப் பெயர் வந்துவிடுகிறது. அமெரிக்க ஓவியர் ஷெப்பர்டு ஃபேரி இவ்வகையில் செய்பவற்றில் அழகு உண்டு. காகிதத் துண்டுகளை ஒட்டி அவற்றின்மீது உருவத்தை ஏற்றும்போது தாளுக்கே ஓர் ஆழம் வந்துவிடுகிறது. மறுக்க மாட்டோம். ஆயினும், வாங்குவோர் பொன் கொட்டுவது அந்த ஆழத்துக்காகவா, அருமைக்காகவா?

விடை நியூயார்க் நடைபாதையில் கிடைத்தது. 2013 அக்டோபரில், முகம் காட்டாத ஆங்கில ஓவியர் பேங்ஸி, சென்ட்ரல் பூங்கா அருகே ஒரு கடை விரித்தார். காவலுக்கு ஒரு முதியவர்; படம் ஒன்று 60 டாலர்; ஓவியர் யாரென்ற அறிவிப்பு இல்லை. முதியவர் மணிக்கணக்காக ஈ ஓட்டினார். மாலையில் எண்ணிப் பார்த்தால் 420 டாலர்! மறுநாள் உண்மை வெளியானது. ஊர் தலையில் அடித்துக்கொண்டது. ஒரு வாரம் சென்றது. வேறிருவர் அதே இடத்தில் கடை போட்டு, போலி என்று சொல்லியே, அதே 60 டாலருக்குப் போலிப் படங்களை விற்றனர். நாற்பதும் ஒரு மணி நேரத்தில் பறந்தன! அசல் கிடந்து காய்ந்தது, போலி பறந்து தீர்ந்தது. கண்ணா வாங்கியது? காதல்லவா வாங்கியது!

காதை நம்பி வாங்குவோருக்குச் சான்றிதழ் வேண்டாமா? அதற்கென 2008இல் பேங்ஸி தரப்பில் ஓர் அலுவலகம் எழுந்தது. பூச்சி ஒழிப்பு என்று பொருள்படும் 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்பது பெயர். இளவரசி டயானாவின் முகம் அச்சிட்ட பத்துப் பவுண்டுப் பொய்நோட்டின் பாதியைச் சான்றிதழோடு இணைக்கிறார்கள். மறுபாதி அலுவலகத்தில் இருக்கும். பொய்நோட்டு சாட்சி சொன்னால்தான் மெய்ப்படம்! ஓவியர் சிரித்துக்கொண்டே செய்த ஏற்பாடாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. வாங்கியவரோ சிரிக்கவில்லை, பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார்.

பேங்ஸியின் ஏளனம் கூர்மையானது, ஆனால் குத்தவில்லை. ஏலக்கூடத்தில் படம் வாங்குவோரை மடையர் என்றே ஏசும் படம் ஒன்றை அச்சிட்டார். அதையும் ஏலத்தில் எடுத்தனர். பலூனைப் பறிகொடுக்கும் சிறுமியை 2002இல் இலண்டன் சுவரில் தீட்டினார். வழிப்போக்கர் அனைவரும் காசின்றிக் கண்டனர். பின்னர் அதே சிறுமி அச்சுப்படியானாள். கையொப்பமிட்டவை 150, இடாதவை 600. உருவம் ஒன்றே; கையொப்பத்தால் மட்டும் விலை எங்கோ போகிறது. அவளையே வரைந்த துணி ஓவியம் ஒன்று 2018இல் சோத்பி ஏலத்தில் பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல் போன அந்த நொடியில், சட்டத்துள் மறைத்து வைத்த கத்திகளால் பாதி கிழிந்து தொங்கியது. இனியேனும் வெட்கம் வரும் என்று எண்ணியிருப்பார் போலும்! 2021இல் அந்தக் கிழிசல் 1 கோடியே 85 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. எண்ணிட்டு, எண்ணி விற்கிறவர் வாங்குவோரை எள்ளி நகையாடினால், அந்த நகைப்பும் சரக்கோடு சேர்ந்தே விலைபோகிறது.

ஓவியனுக்கு வயிறில்லையா என்பார் சிலர். உண்டு. சுவர் சோறு போடாது. பேங்ஸி உள்ளிட்டோரின் அச்சுப்படிகளை வெளியிட்ட 'பிக்சர்ஸ் ஆன் வால்ஸ்' நிறுவனம் 2017 இறுதியில் மூடப்பட்டபோது, தங்கள் படங்கள் கைமாறும் வணிகப் பண்டமாகிவிட்டதைத் தானே நொந்து சொல்லிற்று. ஆகவே விற்கக்கூடாதென்று நாம் சொல்லவில்லை. விற்கும் வகையைக் கேட்கிறோம்.

கீத் ஹேரிங் வேறு வகை கண்டார். 1980 முதல் நியூயார்க் சுரங்க இரயில் நிலையங்களில், வெறுமையாய்க் கிடந்த விளம்பரப் பலகைகளின் கரும்தாளில் சுண்ணக்கட்டியால் வரைந்தார். விற்பதற்காகச் சிலர் அவற்றைக் கிழித்தெடுக்கத் தொடங்கியதும் 1985 வாக்கில் நிறுத்திக்கொண்டார். 1986இல் லாஃபயெட் தெருவில் 'பாப் ஷாப்' என்றொரு கடை திறந்தார்; பனியன், சுவரொட்டி, சட்டையில் குத்தும் சின்னம், எல்லாம் எளிய விலையில். கலையைக் கடைச்சரக்காக்கினான் என்று மேதைகள் முகம் சுளித்தனர்! எண்ணிட்ட படிகளையும் அவர் வெளியிட்டவர்தாம்; அதை மறைப்பானேன்? ஆயினும் கடைக்கு வந்தவன் ஒரு சின்னத்தை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டு இரயிலேறலாம்; அது எத்தனையாவது என்று கேட்பாரில்லை. 1990இல் 31 வயதில் ஹேரிங் மறைந்த பின்னும், அந்தக் கடை 2005 வரை நடந்தது.