பால் ராண்டின் பாணியும் அவர் வழியும்

ஒரு வர்த்தக ஸ்தாபனம் தன் பழைய இலச்சினையைப் புதுப்பிக்க முற்படும்போது, கீர்த்தி பெற்ற வடிவமைப்பாளர் ஒருவருடைய படைப்புகளை எதிரே பரப்பி வைத்துக்கொண்டு அவற்றினின்று உத்வேகம் பெறுவது எங்கும் நிலவும் வழக்கம். அவ்வழக்கத்தின் குணதோஷங்களை ஆராய அமெரிக்கரான பால் ராண்டைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குப் புலப்படவில்லை.

1956-ல் ஐ.பி.எம். இலச்சினையைத் திருத்த வந்த ராண்ட், ஜெர்மானியரான கியோர்க் ட்ரம்ப் 1930-ல் வெளியிட்ட ‘சிட்டி’ என்னும் அச்செழுத்தை ஆதாரமாகக் கொண்டு, ஜனங்களுக்குப் பழகிப்போன அம்மூன்றெழுத்தின் தோற்றம் அந்நியமாகிவிடாதபடி அதற்கு மெதுவாகப் புத்துருக் கொடுத்தார். பிறரிடமிருந்து பெறுவதை அவரே இழிவாகக் கருதவில்லை என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை. குறுகிய ‘ஐ’யில் தொடங்கி அகன்ற ‘எம்’மில் முடியும் எழுத்துகளின் சமமின்மை அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பத்திரங்களில் கையொப்ப மோசடியைத் தடுக்க அச்சிடப்படும் மெல்லிய கோடுகளை நினைவிற்கொண்டு, 1972-ல் அவ்வெழுத்துகளை எட்டுப் பட்டைகளாகப் பகுத்து ஒரே லயத்தில் இணைத்தார். பின்னர் பட்டை போட்ட இலச்சினைகள் பெருகின. அவற்றுள் பலவற்றில் பட்டை இருந்ததேயன்றிப் பட்டைக்குரிய காரணம் இல்லை. நோயாளியைப் பாராமல் மருந்துச் சீட்டைப் பிரதி செய்வது போன்ற இக்காரியமே இவ்வழக்கத்தின் பெருந்தோஷம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ராண்டிடமும் பின்பற்றத்தகாத ஓர் அம்சம் உண்டு. 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்காக ஒரு லட்சம் டாலர் ஊதியத்தில் அவர் அளித்தது ஒரே இலச்சினை. மாற்று வடிவங்களைக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை. அந்தப் பிடிவாதம் நெடுங்கால அனுபவத்தின் பலன். அனுபவமற்றவரிடம் அது வெறும் அகம்பாவமாகிவிடும். ஆனால் இலச்சினையோடு, தம் யோசனை படிப்படியாக வளர்ந்த விதத்தை விளக்கும் சிறுநூல் ஒன்றையும் அவர் சமர்ப்பித்தாரே, அது எவரும் கற்கத்தக்க நேர்மை.

1961-ல், பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கும் யு.பி.எஸ். நிறுவனத்தின் இலச்சினையில் இருந்த பழைய கேடயத்தை நீக்காமல், அதன் மேல் கயிறு கட்டிய பொட்டலமொன்றை அவர் வரைந்தார். 2003-ல் அதைப் புதுப்பித்தவர்கள் பொட்டலத்தை அகற்றிக் கேடயத்தை மட்டும் நிறுத்தினார்கள். நிறுவனத்தின் தொழில் பொட்டலங்களுக்கு அப்பாலும் விரிந்துவிட்டதாலும், கயிறு கட்டிய பொட்டலங்களை அதுவே ஏற்காதிருந்ததாலும், அந்நீக்கத்தை நான் குறைகூறமாட்டேன்; முன்னோரின் வடிவில் உயிருள்ளதை வைத்துக்கொண்டு எஞ்சியதை மாற்றுவது ராண்டின் முறையேயன்றோ? எனினும், கேடயத்தின் மீது அவர்கள் பூசிய பளபளப்பையும் நிழலையும் மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.